மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளுக்குப் பல் மருத்துவரிடம் போவது ஏன் இவ்வளவு கடினம்? என்ன செய்யலாம்?

காலை மணி 10. பல் மருந்தகத்தில் வரிசை எண்ணை அழைக்கும் "டிங்" ஒலி கேட்கிறது. 7 வயதுச் சிறுவன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொள்கிறான். உள்ளே எங்கோ துளையிடும் கருவி இரைகிறது.

"ஒண்ணும் இல்லடா கண்ணா, ஒரு நிமிஷம்தான்" என்கிறார் அம்மா.

நாற்காலி பின்னால் சாய்கிறது. விளக்கு முகத்தில் அடிக்கிறது. கையுறை போட்ட விரல் உதட்டைத் தொட்டதும் சிறுவன் அலறுகிறான். காத்திருப்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பல்லைப் பார்க்காமலேயே குடும்பம் வீடு திரும்புகிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் மதியிறுக்கம் எனும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு இது பழகிப்போன ஒன்று.

சிங்கப்பூரில் ஏறத்தாழ 150 பிள்ளைகளில் ஒருவருக்கு மதியிறுக்கம் இருப்பதாக உடற்குறையுள்ளோருக்கான தேசியப் பெருந்திட்டம் குறிப்பிட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால், உங்கள் உறவினர் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். உங்கள் தம்பியாகவோ தங்கையாகவோகூட இருக்கலாம்.

அந்தப் பிள்ளைக்குப் பல் வலித்தால் என்ன ஆகும்?

மதியிறுக்கம் பல்லைக் கெடுக்கிறதா?

இல்லை. மதியிறுக்கம் நேரடியாகப் பற்சொத்தையை உண்டாக்குவதில்லை. எல்லாருக்கும் எப்படிப் பல் கெடுகிறதோ, அப்படித்தான் இவர்களுக்கும் கெடுகிறது.

பல்லின் மேல் படியும் மெல்லிய படலத்தில் கிருமிகள் வாழ்கின்றன. நாம் சாப்பிடும் சர்க்கரையை அவை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் வெளிப்பூச்சான எனாமலில் இருக்கும் தாதுச்சத்தைக் கரைக்கிறது. எனாமல் நம் உடம்பிலேயே ஆகக் கடினமான பொருள். ஆனாலும் அமிலம் திரும்பத் திரும்பப் பட்டால் அதுவும் தாங்காது.

எச்சில் அந்த அமிலத்தைத் தணித்து, பல்லுக்குத் தாதுச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அதற்குச் சுமார் அரை மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். அதற்குள் இன்னொரு பிஸ்கட், இன்னொரு வாய் இனிப்புப் பானம் என்று போனால் எச்சிலுக்கு வேலை செய்ய நேரமே கிடைக்காது.

அப்படியானால் சிக்கல் எங்கே? பல் துலக்குவதிலும், சாப்பாட்டுப் பழக்கத்திலும், வலியைத் தெரியப்படுத்துவதிலும், சிகிச்சை பெறுவதிலும் இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் தடைகள் இருக்கின்றன. நான்கும் ஒன்று சேரும்போது சின்னச் சொத்தை பெரிதாகிவிடுகிறது.

"பால்பல் விழுந்துதானே போகும், எதுக்கு இவ்வளவு பாடு?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. பால்பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்கினாலும், பால் கடைவாய்ப்பற்கள் 10 முதல் 12 வயதுவரை வாயில் இருக்கும். அவற்றில் சீழ் பிடித்தால் அடியில் வளரும் நிரந்தரப் பல்லையும் அது பாதிக்கலாம். வலி, தூக்கமின்மை, பள்ளிக்குப் போக முடியாத நாள்கள் எல்லாம் தனிக்கணக்கு.

வாயைத் தொட்டால் ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

ஒலி, ஒளி, தொடுதல், வாசனை, சுவை ஆகியவற்றை மதியிறுக்கம் உள்ள பலர் நம்மைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ உணர்கிறார்கள். 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, மதியிறுக்கத்தைக் கண்டறிவதற்கான அடையாளங்களில் இதையும் சேர்த்தது.

பல் மருந்தகத்தில் ஐந்து புலன்களுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்கப்படுகிறது.

▪ ஒலி: துளையிடும் கருவி, உறிஞ்சுகுழாய், மற்றப் பிள்ளைகளின் அழுகை

▪ ஒளி: நேராக முகத்தில் விழும் விளக்கு

▪ வாசனை: கிருமிநாசினி, கையுறையின் ரப்பர் வாடை

▪ சுவை: புதினாப் பசை, ஃபுளோரைடு பூச்சு

▪ தொடுதல்: ஈரம், அதிர்வு, உலோகம், வாய்க்குள் இன்னொருவரின் விரல்

போதாக்குறைக்கு நாற்காலி பின்னால் சாயும்போது கீழே விழுவதுபோன்ற உணர்வும் ஏற்படுகிறது. அடுத்து என்ன நடக்கும், எப்போது முடியும் என்பது தெரியாது. வழக்கம் மாறினால் தவிக்கும் பிள்ளைக்கு அதுவே பெரிய சுமை.

ஆகவே அந்த அலறலைப் பிடிவாதம் என்றோ செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்றோ சொல்லக்கூடாது. தாங்க முடியாத அளவுக்கு எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு அதிர்வு பிடிக்காது. இன்னொரு பிள்ளை மின்பல்துலக்கியின் அதிர்வை விரும்பித் தேடும்.

வலிக்கிறது என்று சொல்ல முடியாவிட்டால்?

கவலைப்பட வேண்டிய முக்கியமான இடம் இதுதான்.

பேச்சு வராத பிள்ளை "பல் வலிக்குது" என்று சொல்லாது. நன்றாகப் பேசும் பிள்ளைக்கும்கூட, உடம்புக்குள் எங்கே என்ன வலி என்று சரியாகச் சுட்டிக்காட்டுவது சிரமமாக இருக்கலாம். வலி நடத்தையாக வெளிப்படும். பெற்றோரோ ஆசிரியரோ அதை "இப்பல்லாம் ரொம்ப முரண்டு பண்றான்" என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

திடீரென்று இவற்றில் ஏதாவது தொடங்கினால் வாயைப் பாருங்கள்:

▪ கன்னத்திலோ தாடையிலோ அடித்துக்கொள்வது, தலையை மோதிக்கொள்வது

▪ விரும்பிச் சாப்பிட்ட உணவை மறுப்பது, ஒரு பக்கமாக மட்டும் மெல்லுவது

▪ இரவில் விழித்து அழுவது

▪ கையையோ சட்டைக் கழுத்தையோ ஓயாமல் கடிப்பது

▪ அதிகமாக எச்சில் வடிவது, வாய் நாற்றம், ஈறில் சிறு கொப்புளம்

▪ வழக்கமாகச் சம்மதிக்கும் பல் துலக்கலைத் திடீரென எதிர்ப்பது

இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் "நடத்தைப் பிரச்சினை" என்று முடிவு கட்டுவதற்கு முன்னர், வலி இல்லை என்பதை உறுதிசெய்வது நல்லது.

எந்த மொழியில் சொல்வது?

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தனிக் கேள்வி.

வீட்டில் பாட்டி "ஆ காட்டு" என்பார். அம்மா "வாயைத் தொற" என்பார். பள்ளியில் ஆசிரியர் "ஓப்பன்" என்பார். மருத்துவர் "ஓப்பன் பிக்" என்பார். நமக்கு நான்கும் ஒன்றுதான். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று பழகிய பிள்ளைக்கு அவை நான்கு வேறு கட்டளைகள்.

தீர்வு எளிது. ஒரே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். தமிழாக இருந்தாலும் சரி, ஆங்கிலமாக இருந்தாலும் சரி. வீட்டில் எல்லாரும் அதையே சொல்லட்டும். ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் அந்தச் சொல்லை முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள். "எங்க பிள்ளைக்கு 'ஆ காட்டு'ன்னு சொன்னாத்தான் புரியும் டாக்டர்" என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று. நாம் பேசும்போது வார்த்தைகளை அலங்கரிக்கிறோம். "பல்லுக்குள்ள பூச்சி இருக்கு, டாக்டர் பிடிச்சிடுவார்" என்று சமாதானம் சொல்கிறோம். சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு, வாய்க்குள் பூச்சி ஊர்வதைவிடப் பயங்கரமான செய்தி வேறு இல்லை. "ஒரு நிமிஷம்தான்" என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் எடுத்தால், அடுத்த முறை அந்தச் சொல்லை நம்பாது. உண்மையை, குறைந்த சொற்களில், வரிசையாகச் சொல்லுங்கள். "முதலில் நாற்காலி. பிறகு கண்ணாடி. பிறகு வீட்டுக்கு."

சொற்களைவிடப் படங்கள் பலருக்கு எளிது. பட அட்டைகளைக் கொடுத்து உரையாடும் பெக்ஸ் முறை 1985இல் அமெரிக்காவில் உருவானது. சிங்கப்பூரின் சிறப்புப் பள்ளிகளிலும் பட அட்டவணைகளைக் காணலாம். பள்ளியில் பயன்படுத்தும் அதே வகைப் படங்களைப் பல் துலக்கவும் பயன்படுத்தினால் பிள்ளை புதிதாக ஒன்றைக் கற்க வேண்டியதில்லை.

வீட்டில் பல் துலக்குவதை எப்படிப் பழக்குவது?

நாளுக்கு இரு முறை, இரண்டு நிமிடம். இது எல்லாருக்கும் சொல்லும் இலக்கு. முதல் நாளே அதை எட்ட வேண்டியதில்லை.

படிப்படியாகப் போகலாம். முதல் வாரம் பல்துலக்கியைக் கையில் பிடித்தால் போதும். அடுத்து உதட்டைத் தொடலாம். அடுத்து முன்பல்லில் ஒரு நொடி. பிறகு மூன்று நொடி. ஒரு படியைப் பிள்ளை அமைதியாகத் தாண்டிய பிறகே அடுத்தது. எதிர்ப்பு வந்தால் ஒரு படி பின்வாங்கலாம்.

உதவக்கூடிய சில வழிகள்:

▪ தினமும் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே வரிசை. மேல் வலது, மேல் இடது, கீழ் இடது, கீழ் வலது என்று படம் ஒட்டிவைக்கலாம்.

▪ ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று முதல் பத்துவரை எண்ணுங்கள். பத்து வந்தால் முடிந்துவிடும் என்பது தெரிந்தால் பொறுமை வரும்.

▪ குளியலறையின் எதிரொலி பிடிக்காவிட்டால் சோபாவில் துலக்கலாம். அங்கேதான் துலக்க வேண்டும் என்று சட்டமில்லை.

▪ பிள்ளைக்குப் பின்னால் நின்று, தலையை உங்கள்மீது சாய்த்துக்கொண்டு துலக்கினால் வாய்க்குள் நன்றாகத் தெரியும்.

▪ புதினாச் சுவை சிலருக்குக் காரமாக எரியும். சுவையில்லாத, நுரை குறைந்த பற்பசைகள் கிடைக்கின்றன.

▪ மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் துலக்கும் பல்துலக்கியும் உண்டு. வாயைக் கொஞ்ச நேரமே திறக்கும் பிள்ளைகளுக்கு அது உதவும்.

பற்பசையில் ஃபுளோரைடு இருக்க வேண்டும். 3 வயதுக்குக் கீழ் அரிசி மணி அளவு. 3 முதல் 6 வயதுவரை பட்டாணி அளவு. துப்பத் தெரிந்த பிள்ளை துப்பினால் போதும். தண்ணீர்விட்டு நிறையக் கொப்பளித்தால் பல்லில் தங்கவேண்டிய ஃபுளோரைடும் போய்விடும். துப்பத் தெரியாவிட்டால் அளவைக் குறைத்து, ஈரத்துணியால் துடைத்து எடுக்கலாம். எவ்வளவு, எந்த வகை என்று பல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

7, 8 வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பெரியவரின் உதவி தேவை. மதியிறுக்கம் உள்ள பிள்ளைக்கு அதற்குப் பிறகும் பல ஆண்டு தேவைப்படலாம். அதில் தவறில்லை.

சாப்பாடு, மருந்து, பரிசு: மூன்றையும் கவனிக்க

மதியிறுக்கம் உள்ள பல பிள்ளைகள் சில வகை உணவை மட்டுமே ஏற்பார்கள். மென்மையான ரொட்டி, பிஸ்கட், இனிப்புப் பால் என்று பட்டியல் சிறியதாக இருக்கும். சிலர் உணவை விழுங்காமல் கன்னத்துக்குள் நெடுநேரம் அடக்கிவைத்திருப்பார்கள். அவ்வளவு நேரமும் பல்லில் அமிலம் படும்.

உணவை ஒரேயடியாக மாற்ற முயன்றால் பிள்ளை சாப்பிடுவதையே நிறுத்திவிடலாம். அதனால் என்ன கொடுக்கிறோம் என்பதைவிட எத்தனை முறை கொடுக்கிறோம் என்பதை முதலில் மாற்றுங்கள். நாள் முழுதும் கொறிப்பதற்குப் பதில் குறிப்பிட்ட நேரங்களில் கொடுக்கலாம். இடையில் தண்ணீர் மட்டும். இரவு பல் துலக்கிய பிறகு பால் புட்டியோ மைலோவோ வேண்டாம்.

மருந்தும் கவனிக்க வேண்டிய ஒன்று. பிள்ளைகளுக்கான சில திரவ மருந்துகளில் சர்க்கரை இருக்கும். சில மருந்துகள் வாயை உலர்த்தும். எச்சில் குறைந்தால் பாதுகாப்பும் குறையும். மதியிறுக்கம் உள்ள சிலருக்கு வலிப்பு நோயும் இருக்கும். அதற்குக் கொடுக்கப்படும் ஃபெனிடாயின் எனும் மருந்தால் ஈறு தடிக்கலாம். அதற்காக மருந்தை நீங்களாகவே நிறுத்தக்கூடாது. சர்க்கரையில்லாத வகை உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மருந்துப் பட்டியலைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது பரிசு. புதிய திறனைப் பழக்கும்போது சரியாகச் செய்த ஒவ்வொரு முறையும் ஒரு மிட்டாய் கொடுப்பது பலருக்கு வழக்கம். பயிற்சி பலன் தரும். ஆனால் ஒரு நாளில் இருபது மிட்டாய் என்றால் பல் தாங்குமா? ஒட்டுவில்லை, சோப்புக் குமிழி, பிடித்த காணொளியின் ஒரு நிமிடம் என்று மாற்றிக்கொள்ளலாம். தீபாவளிக்கு வீடு வீடாகப் போகும்போது "பாவம், புள்ள ஆசைப்படுது" என்று கையில் இனிப்பைத் திணிக்கும் உறவினர்களுக்கும் இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

மருந்தகத்துக்குப் போகுமுன்

முதல் பிறந்தநாளுக்குள் முதன்முறை பல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்று சிறார் பல் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். வலி வருவதற்கு முன்பே போவதில் பெரிய நன்மை இருக்கிறது. பிள்ளை முதன்முதலாகப் பார்க்கும் மருந்தகம் வலியோடு சேர்ந்து நினைவில் பதியாது.

சந்திப்புக்கு முன்பதிவு செய்யும்போதே பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள். இப்படிக் கேட்கலாம்:

▪ நாளின் முதல் சந்திப்பு கிடைக்குமா?

▪ கூட்டம் இல்லாத இடத்தில் காத்திருக்கலாமா? முறை வந்ததும் தொலைபேசியில் அழைப்பீர்களா?

▪ சிகிச்சை எதுவும் இல்லாமல், சும்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகலாமா?

▪ ஒவ்வொரு முறையும் அதே மருத்துவரைப் பார்க்க முடியுமா?

▪ அறையைப் படம் எடுத்துக்கொள்ளலாமா?

அந்தப் படங்களைக்கொண்டு சின்னக் கதை ஒன்றைத் தயாரிக்கலாம். "நாம் பேருந்தில் போவோம். கதவு இப்படி இருக்கும். இந்த நாற்காலியில் உட்காருவேன். மருத்துவர் என் பற்களை எண்ணுவார். பிறகு வீட்டுக்கு வருவோம்." இத்தகைய சமூகக் கதைகளை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் அமெரிக்க ஆசிரியர் கெரல் கிரே. சந்திப்புக்குச் சில நாள்களுக்கு முன்பிருந்து தினமும் அதைப் படித்துக்காட்டினால் அன்றைய நாள் அவ்வளவு புதிதாக இருக்காது.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: சத்தத்தைக் குறைக்கும் காதுக்கவசம், குளிர்க்கண்ணாடி, பிடித்த பொம்மை, வீட்டில் பயன்படுத்தும் பல்துலக்கி. முதல் பரிசோதனையை அந்தப் பல்துலக்கியைக்கொண்டே தொடங்கும்படி மருத்துவரிடம் கேட்கலாம்.

மருந்தகம் என்ன செய்யலாம்?

எல்லா மாற்றத்தையும் பிள்ளையிடமே எதிர்பார்ப்பது நியாயமில்லை. அறையையும் மாற்ற முடியும்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் 6 முதல் 12 வயதுவரையிலான மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அது 2023இல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் சஞ்சிகையில் வெளியானது. ஒரே பிள்ளைக்கு ஒரு முறை வழக்கமான அறையிலும் இன்னொரு முறை மாற்றியமைக்கப்பட்ட அறையிலும் பற்களைச் சுத்தம் செய்தார்கள்.

மாற்றியமைத்த அறையில் என்ன இருந்தது? மங்கிய விளக்கு. கூரையில் மெதுவாக அசையும் காட்சிகள். இதமான இசை. ஊடுகதிர்ப் படம் எடுக்கும்போது போடும் கனமான மேலங்கி. நாற்காலியோடு சேர்த்து உடலை இதமாக அணைத்துப் பிடிக்கும் உறை. அவ்வளவுதான். அந்த அறையில் பிள்ளைகளின் மன உளைச்சல் குறைவாக இருந்தது. தோலின் மின்கடத்தலை அளந்து பார்த்ததிலும் அது தெரிந்தது.

பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. சாதாரண மருந்தகத்திலும் விளக்கைத் திருப்பலாம், வானொலியை நிறுத்தலாம், நாற்காலியைப் பிள்ளை உட்காரும் முன்பே சாய்த்துவைக்கலாம்.

"சொல், காட்டு, செய்" என்ற முறையும் உண்டு. 1959இல் இருந்து சிறார் பல் மருத்துவத்தில் பழக்கத்தில் இருக்கிறது. கருவியைப் பற்றி முதலில் சொல்வார்கள். அதைக் கையிலோ நகத்திலோ வைத்துக் காட்டுவார்கள். பிறகே வாயில் வைப்பார்கள். நிறுத்துவதற்கு ஒரு சைகையையும் சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளை கையைத் தூக்கினால் மருத்துவர் உண்மையிலேயே நிறுத்த வேண்டும். அப்போதுதான் நம்பிக்கை பிறக்கும்.

சிகிச்சை தேவைப்பட்டால் என்னென்ன வழிகள்?

துளையிட்டு அடைப்பது மட்டுமே வழி இல்லை.

வெள்ளி டையமீன் ஃபுளோரைடு: சொத்தையில் தடவும் திரவம். துளையிடாமலேயே சொத்தை மேலும் பரவுவதைத் தடுக்கும். தடவச் சில நிமிடம் போதும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. ஒரு குறை: சொத்தையான இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். முன்பல் என்றால் முன்கூட்டியே யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

உலோக உறை: சொத்தையான பால் கடைவாய்ப்பல்லின் மேல், துளையிடாமல், மரத்துப்போகும் ஊசியும் போடாமல் உறையைப் பொருத்துவது. ஸ்காட்லந்தைச் சேர்ந்த பல் மருத்துவர் நோர்னா ஹால் இதைப் பின்பற்றியதால் ஹால் முறை என்று பெயர்.

சிரிப்பு வாயு: மூக்கில் வைக்கும் கவசம் வழியாகச் சுவாசிக்கும் நைட்ரஸ் ஆக்சைடு பதற்றத்தைத் தணிக்கும். பிள்ளை விழித்தே இருக்கும். ஆனால் முகத்தில் கவசம் வைப்பதையே தாங்க முடியாத பிள்ளைக்கு இது சரிப்படாது.

முழு மயக்கம்: பல பற்களில் சொத்தை, கடும் வலி, வேறு வழிகளில் ஒத்துழைக்க முடியாத நிலை என்றால் மருத்துவமனையில் முழு மயக்கம் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடிப்பார்கள். ஆரோக்கியமான பிள்ளைக்கு அபாயம் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. முன்னதாகச் சில மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். வழக்கமான காலைச் சாப்பாடு இல்லை என்பதையும் பிள்ளையிடம் படம் காட்டிச் சொல்லிவைக்க வேண்டும்.

முழு மயக்கம் பழைய சொத்தையைச் சரிசெய்யும். புதிய சொத்தையைத் தடுக்காது. வீட்டுப் பழக்கம் மாறாவிட்டால் சில ஆண்டுகளில் மறுபடியும் அதே அறுவை அறைக்குப் போக நேரலாம்.

பிள்ளையைப் பிடித்துக்கொண்டு சிகிச்சை செய்வது பற்றியும் சொல்லியாக வேண்டும். அவசரத்தில், பாதுகாப்புக்காக, பெற்றோரின் சம்மதத்துடன் அப்படிச் செய்ய வேண்டிவரலாம். ஆனால் சாதாரணச் சுத்தம் செய்யும் வேலைக்காக நான்கு பேர் அமுக்கிப் பிடித்தால், அந்தப் பயம் வளர்ந்த பிறகும் போகாமல் இருக்கலாம். "இன்னைக்கு வேண்டாம் டாக்டர், இன்னொரு நாள் வர்றோம்" என்று சொல்லும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

சிங்கப்பூரில் எங்கே போவது?

▪ தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குச் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் பள்ளிப் பல் மருத்துவச் சேவை உண்டு. உங்கள் பள்ளியில் எப்படி என்று ஆசிரியரிடம் கேட்கலாம்.

▪ பல் மருந்தகம் உள்ள பலதுறை மருந்தகங்களுக்குப் போகலாம். எல்லாப் பலதுறை மருந்தகங்களிலும் பல் சேவை இல்லை, முன்கூட்டியே பாருங்கள்.

▪ நீல, ஆரஞ்சு நிறச் சாஸ் அட்டை உள்ள குடும்பங்களுக்குத் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் பல் மருந்தகங்களில் மானியம் கிடைக்கும்.

▪ கூடுதல் உதவி தேவைப்பட்டால் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். ஊட்ரம் வளாகத்தில் உள்ள தேசியப் பல் மருத்துவ நிலையம், கெண்ட் ரிட்ஜில் உள்ள தேசியப் பல்கலைக்கழக வாய்ச் சுகாதார நிலையம், கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை ஆகியவற்றில் சிறார் பல் மருத்துவச் சேவை இருக்கிறது.

செலவைப் பற்றியும் முன்கூட்டியே கேட்பது நல்லது. அறுவை சிகிச்சை வகையைச் சேர்ந்த பல் சிகிச்சைக்கு மெடிசேவ் பயன்படுத்தலாம். உங்கள் பிள்ளைக்குப் பரிந்துரைக்கப்படும் சிகிச்சை அதில் அடங்குமா என்பதை மருந்தகமே சொல்லும்.

எப்போது காத்திருக்கக்கூடாது?

முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால், அடிபட்டு இரத்தம் நிற்காவிட்டால் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கீழே விழுந்து நிரந்தரப் பல் வேரோடு கழன்றுவிட்டதா? பல்லின் மேல்பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள். வேரைத் தேய்க்காதீர்கள். பாலில் போட்டு, கூடுமானவரை அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பால்பல் என்றால் அதைத் திரும்பப் பொருத்தக்கூடாது. ஆனாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அண்ணனோ அக்காவோ நீங்களாக இருந்தால்?

அம்மா, அப்பாவிடம் எல்லாப் பொறுப்பும் இருக்கும்போது உங்களால் முடிந்த சில வேலைகள் உண்டு.

நீங்கள் பல் துலக்கும்போது தம்பியையோ தங்கையையோ பக்கத்தில் நிற்கவிடுங்கள். பார்த்துக் கற்பது சிலருக்கு எளிது. மருந்தகப் படங்களைக்கொண்டு கைத்தொலைபேசியில் சமூகக் கதை தயாரித்துக் கொடுங்கள். தாத்தா, பாட்டிக்கு ஆங்கிலத்தில் மருத்துவர் சொன்னதைத் தமிழில் விளக்குங்கள். "அவன் வேணும்னு பண்ணல பாட்டி, அந்தச் சத்தம் அவனுக்கு ரொம்பப் பெருசாக் கேக்குது" என்று நீங்கள் சொன்னால் வீட்டில் திட்டு குறையும்.

அடுத்த முறை மருந்தகத்தில் ஒரு பிள்ளை அலறுவதைக் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் இருங்கள். முடிந்தால் உங்கள் வரிசை எண்ணை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் பாரம்.

முதல் சந்திப்பில் வெற்றி என்பது சுத்தமான பற்கள் அல்ல. பத்து நொடி நாற்காலியில் உட்கார்ந்தால் அதுவே போதும். அடுத்த மாதம் இருபது நொடி. அதற்கடுத்து வாய் திறக்கும். மெதுவாகத்தான் போகும். ஆனால் ஒருநாள் பல் வலித்தால், பயப்படாமல் அந்த நாற்காலியில் போய் உட்கார அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.